காய்வது வேறு, இறுகுவது வேறு: கிச்சன் ஷட்டர்களுக்குத் தண்ணீர் பெயின்ட் ஸ்ப்ரே

காலையில் ஸ்ப்ரே செய்த கிச்சன் ஷட்டரை, அதாவது அலமாரிக் கதவை, மதியம் தொட்டால் விரலில் ஒட்டாது. சாயங்காலமே மாட்டிவிடலாம் போலத் தோன்றும். மாட்டிவிட்டு மறுநாள் திறந்தால் 'பட்' என்று ஒரு சத்தம் கேட்கும். பெட்டி ஓரத்தில் அழுந்தியிருந்த இடத்தில் பெயின்ட் உரிந்து வந்திருக்கும். பெயின்ட் மட்டம் என்று டப்பாவைத் திட்டுவார்கள். டப்பாமேல் குற்றமில்லை. பெயின்ட் காய்ந்திருந்தது, இறுகவில்லை.

தண்ணீர் பெயின்ட்டைப் புதிதாகத் தொடுபவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இந்த வித்தியாசத்தைத்தான். எந்த ஸ்ப்ரே கன், எத்தனை எம்.எம். நாசில் (முனைத் துளை) என்பதெல்லாம் அப்புறம்.

டப்பாவுக்குள் நடப்பது

மர வேலைக்காரர்களுக்குப் பழக்கமான என்.சி. (நைட்ரோசெல்லுலோஸ்) லேக்கரில் பிசின் தின்னரில் கரைந்திருக்கும். தின்னர் பறந்ததும் பிசின் படலமாகத் தங்கிவிடும். மேலே அடுத்த கோட் அடித்தால், அதிலுள்ள தின்னர் கீழ்க்கோட்டைக் கொஞ்சம் இளக்கி இரண்டையும் ஒன்றாக்கிவிடும். தண்ணீர் பெயின்ட்டில் பிசின் கரைந்திருப்பதில்லை. ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு பருமனுள்ள உருண்டைகளாகத் தண்ணீரில் மிதந்துகொண்டிருக்கிறது.

பெயின்ட்டை அடித்ததும் தண்ணீர் ஆவியாகிறது, உருண்டைகள் நெருங்குகின்றன. அதன்பின் அவை ஒன்றோடொன்று குழைந்து ஒரே படலமாக வேண்டும். உதிரிச் சோறு பொங்கலாகக் குழைவதைப் போல. இப்படிக் குழைவதற்காகவே மெதுவாகப் பறக்கும் கரைப்பான் ஒன்றைக் கம்பெனிக்காரர்கள் கொஞ்சம் சேர்த்திருப்பார்கள். குளிர் அதிகமானால் உருண்டைகள் குழையாமல் உதிரியாகவே நின்றுவிடும், படலம் மாவு மாதிரி வரும். சென்னையில் இந்தப் பிரச்சினை வராது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் மார்கழி இரவில் வரும்.

குழைந்த பிறகும் வேலை முடியவில்லை. பிசின் சங்கிலிகள் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக்கொண்டால்தான் எண்ணெய், சோப்பு, நகக்கீறல் எல்லாவற்றையும் படலம் தாங்கும். இதைத்தான் இறுகுவது என்கிறோம். ஒரே டப்பாவில் வரும் அக்ரிலிக்-யூரித்தேன் வகைகள் இதற்கு மூன்று, நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும். ஹார்டனர் எனும் இறுக்கும் திரவம் தனியாக வரும் இரண்டு டப்பா பி.யு. (பாலியூரித்தேன்), ஒரு வாரத்தில் ஏறக்குறைய முழு வலுவுக்கு வந்துவிடும். சுவருக்கு அடிக்கும் எமல்ஷன் இந்த ஆட்டத்திலேயே இல்லை. எவ்வளவு விலை உயர்ந்ததாக இருந்தாலும், ஷட்டரில் அடித்தால் வெயில் காலத்தில் பிசுபிசுக்கும்.

அப்படியானால் பழைய எண்ணெய் எனாமலே போதாதா என்று கேட்கலாம். வெள்ளை எனாமல் வெளிச்சம் படாத இடத்தில் மஞ்சளாகிவிடும். ஷட்டரின் உட்புறம் இருட்டில்தானே இருக்கிறது. நல்ல அக்ரிலிக் தண்ணீர் பெயின்ட் அப்படி மஞ்சளடிப்பதில்லை.

ஒன்றா, இரண்டா?

முதல் முறை செய்பவருக்கு ஒரு டப்பா வகையே போதும். இரண்டு டப்பா பி.யு. வலுவானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அதன் ஹார்டனர் ஐசோசயனேட். ஸ்ப்ரே மூட்டத்தோடு மூச்சில் போனால், ஒரு கட்டத்தில் உடம்பு அதற்கு ஒவ்வாமை பிடித்துக்கொண்டு ஆஸ்துமாவில் கொண்டுபோய் விடலாம். பிறகு துளி பட்டாலும் மூச்சு இழுக்கும். தின்னர் நெடி இல்லாததால் ஆபத்தில்லை என்று நினைத்துவிடுகிறார்கள். ஐசோசயனேட் மூக்குக்கு எச்சரிக்கை கொடுக்காது. துணி மாஸ்க்கும் மருந்துக்கடை மாஸ்க்கும் இதற்கு உதவாது. வெளிக்காற்றைக் குழாய் வழியாகத் தரும் முகக்கவசம்தான் முறையானது. அது இல்லையென்றால் குறைந்தபட்சம் கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜும் துகள் வடிகட்டியும் சேர்ந்த, முகத்தோடு இறுகப் பொருந்தும் ரெஸ்பிரேட்டர் வேண்டும். கையுறையும் கண்ணாடியும் கூடவே. ஏற்கெனவே ஆஸ்துமா உள்ளவர் இதன் பக்கமே போகக் கூடாது. ஒரு டப்பா வகைக்கும் அந்த ரெஸ்பிரேட்டரைப் போட்டுக்கொள்வது நல்லது. மூட்டம் மூட்டம்தான்.

பெயின்ட்டுக்கு முன்னால்

ஷட்டர்களைக் கழற்றித்தான் அடிக்க வேண்டும். கழற்றும்போதே எண் போட்டுவிடுங்கள். எங்கே எழுதுவது? கீல் உட்காரும் 35 மி.மீ. குழிக்குள். அங்கே பெயின்ட் போகாது. எழுதி, மேலே மாஸ்கிங் டேப்பை வட்டமாக வெட்டி ஒட்டிவிட்டால் கடைசிவரை எண் பத்திரமாக இருக்கும். பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிய எண் முதல் தேய்ப்பிலேயே போய்விடும்.

அடுத்தது பிசுக்கு. அடுப்பைச் சுற்றியுள்ள ஷட்டர்களிலும் கைப்பிடி ஓரங்களிலும் தாளித்த எண்ணெய் வருஷக்கணக்கில் படிந்திருக்கும். வெந்நீரில் பாத்திரம் கழுவும் திரவம் கலந்து துடைத்து, நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் இரண்டு முறை துடைத்து, காயவிட வேண்டும். அதற்குப் பிறகே உப்புத்தாள். முதலில் தேய்த்துவிட்டுப் பிறகு கழுவினால், பிசுக்கைக் கீறல்களுக்குள் நாமே தள்ளிவிட்டதாக ஆகும். மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கும் பழக்கம் ஒன்று உண்டு. அதை விட்டுவிடுங்கள். அது விட்டுப்போகும் எண்ணெய்ப் படலத்தைப் பார்த்ததும் தண்ணீர் பெயின்ட் சுருண்டு ஒதுங்கும்.

சிலிகான் இன்னும் மோசம். சிங்க் ஓரத்தில் வைத்த சிலிகான், மரச்சாமான் பாலிஷ், கீலுக்கு அடித்த ஸ்ப்ரே எண்ணெய், எதிலிருந்தாவது கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டியிருந்தாலும், அடித்த பெயின்ட்டில் மீன்கண் மாதிரி வட்ட வட்டமாகக் குழி விழும். மேலே இன்னொரு கோட் அடித்தாலும் குழி அதே இடத்தில் திரும்பி வரும்.

பழைய பூச்சு நன்றாகப் பிடித்திருந்தால் 180, பிறகு 220 எண் உப்புத்தாளில் மினுமினுப்பு போகும்வரை தேய்த்தால் போதும். மைக்கா ஒட்டிய ஷட்டருக்கும் இதேதான், ஆனால் அதற்கென்றே உள்ள ஒட்டுப் பிரைமர் (அடிப்பூச்சு) கட்டாயம். மூலையில் மைக்கா பெயர்ந்திருந்தால் பெயின்ட் அதைச் சரிசெய்யாது. முதலில் ஒட்டுங்கள். எம்.டி.எஃப். (மர நாரை அழுத்திச் செய்த பலகை) மேல் பி.வி.சி. ஃபாயில் சுற்றிய ஷட்டராக இருந்தால் இந்த வேலையே வேண்டாம். ஃபாயிலை முழுதாக உரித்தெடுத்தால் வேண்டுமானால் யோசிக்கலாம்.

தேய்க்க ஸ்டீல் உல்லை, அதாவது இரும்பு நாரை, கிட்டே கொண்டுவராதீர்கள். அதன் துணுக்குகள் மரத்தில் தங்கி, தண்ணீர் பெயின்ட் பட்டதும் துருப்பிடித்து, வெள்ளைப் பரப்பில் செம்புள்ளிகளாகப் பூக்கும்.

கூர்மையான ஓரங்களையெல்லாம் உப்புத்தாளால் ஒன்றரை, இரண்டு மி.மீ. வளைவாக உடைத்துவிட வேண்டும். ஈரப் பெயின்ட் கூர்முனையில் நிற்காது, இரண்டு பக்கமும் விலகி ஓடும். பெயின்ட் முதலில் உதிர்வது எப்போதும் ஓரத்தில்தான், காரணம் இதுதான். எம்.டி.எஃப்.பின் வெட்டு ஓரம் தண்ணீரை ஸ்பாஞ்ச் போலக் குடித்து உப்பும். அந்த ஓரங்களுக்கு மட்டும் பிரைமரை முதலில் பிரஷ்ஷால் இழுத்து, காய்ந்ததும் 220இல் தேய்த்து, இன்னொரு முறை இழுக்க வேண்டும்.

தேக்கு அழும்

தேக்கு, வேங்கை, ஓக் மாதிரியான மரங்களில் டானின் எனும் சாயப்பொருள் இருக்கிறது. அது தண்ணீரில் கரையும். வெள்ளைத் தண்ணீர் பெயின்ட்டை நேராக அடித்தால், அதிலுள்ள தண்ணீரே டானினை மேலே இழுத்து வந்துவிடும். சில மணி நேரத்திலோ சில நாளிலோ, டீ சிந்தினாற்போலப் பழுப்புத் திட்டுகள். இன்னொரு கோட் அடித்தால் மறையும் என்று அடிப்பார்கள். அந்தக் கோட்டும் தன் பங்குக்குக் கொஞ்சம் சாயத்தை இழுத்து வரும். நான்கு கோட் அடித்தாலும் திட்டு நிற்காது.

தீர்வு, தண்ணீர் இல்லாத ஒன்றால் அடைப்பது. ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பிரைமர் இதில் கெட்டிக்காரன். பிரெஞ்ச் பாலிஷுக்கு வாங்கும் சாதாரண அரக்கில் மெழுகு கலந்திருக்கும், அதன்மேல் பெயின்ட் பிடிப்பு குறையும். மெழுகு நீக்கியதைக் கேட்டு வாங்குங்கள். தின்னரில் வரும் இரண்டு டப்பா பி.யு. சீலரும் அதே வேலையைச் செய்யும். ஸ்பிரிட் அரக்குப் பிரைமர் தீப்பற்றும், அடுப்பு எரியும் இடத்தில் அதைத் திறக்கவே கூடாது.

தண்ணீர் பிரைமரானால் முதல் கோட் காய்ந்ததும் மரப்பரப்பு முள்முள்ளாக நிற்கும். தண்ணீர் பட்டு நார்கள் எழுந்ததால் வருவது, பயப்பட வேண்டாம். 320 தாளில் லேசாகத் தேய்த்தால் வழவழப்பாகிவிடும். பிரைமர் இரண்டு கோட், மேல் பெயின்ட் இரண்டு கோட் என்பதுதான் கணக்கு. கோட்டுகளுக்கு நடுவே 320 அல்லது 400. துடைப்பதற்கு ஈரம் பிழிந்த மைக்ரோஃபைபர் துணி. பிசுபிசுப்பான டேக் துணி வேண்டாம், அதிலுள்ள மெழுகு பரப்பில் ஒட்டும்.

கன்னும் காற்றும்

வீட்டு அளவுக்கு ஏற்றது எச்.வி.எல்.பி. கன். நிறையக் காற்று, குறைந்த அழுத்தம். முனையில் காற்றழுத்தம் 10 பி.எஸ்.ஐ.யைத் தாண்டாது. அதனால் மூட்டம் குறைவு, பெயின்ட்டில் சுமார் அறுபது, அறுபத்தைந்து சதவீதம் பரப்பில் போய்ச் சேரும். மேல் பெயின்ட்டுக்கு 1.3 அல்லது 1.4 மி.மீ. நாசில், கெட்டியான பிரைமருக்கு 1.8. உள்ளே பெயின்ட் போகும் பாதை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். சாதா இரும்பென்றால் துரு பெயின்ட்டோடு சேர்ந்து வரும்.

பலர் மாட்டிக்கொள்வது கம்ப்ரஸரில். எச்.வி.எல்.பி. கன்னுக்கு நிமிஷத்துக்குப் பத்து, பன்னிரண்டு கன அடி காற்று வேண்டும். ஒரு எச்.பி. கம்ப்ரஸர் மூன்று, நான்குதான் தரும். முதல் ஷட்டர் அழகாக வரும். இரண்டாவதன் பாதியில் டேங்க் காலியாகி அழுத்தம் இறங்கும், துளிகள் பெரிதாகும், பரப்பு ஆரஞ்சுத் தோல் மாதிரி ஆகும். அடிப்பவர் பெயின்ட்டில் தண்ணீரை ஊற்றுவார். தவறு அங்கே இல்லை. சின்ன கம்ப்ரஸர்தான் இருக்கிறதென்றால், காற்று குறைவாகக் குடிக்கும் எல்.வி.எல்.பி. கன்னை எடுத்துக்கொள்வது புத்திசாலித்தனம். ஹோஸில் ஈரம், எண்ணெய் பிடிக்கும் ஃபில்டர் கட்டாயம்.

காற்றைக் கலக்காமல் பெயின்ட்டையே பெரிய அழுத்தத்தில் தள்ளும் ஏர்லெஸ் மெஷினிலும் செய்யலாம். அதன் டிப்பில் 310 என்று போட்டிருந்தால், முதல் எண்ணை இரட்டித்தால் விசிறி அகலம், அதாவது 6 அங்குலம். அடுத்த 10 என்பது துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து பங்கு. ஷட்டருக்கு இந்த மாதிரிச் சின்ன டிப் சரியாக வரும். ஏர்லெஸ் முனைக்கு எதிரே விரலை மட்டும் வைக்கக் கூடாது. அந்த அழுத்தத்தில் பெயின்ட் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே பார்க்கச் சின்னப் புள்ளியாகத்தான் இருக்கும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

கலப்பது

ஒரு டப்பா வகையென்றால் கிளறி, 100 அல்லது 125 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மைக்ரான்) வடிகட்டியில் வடித்து, தேவைப்பட்டால் ஐந்து சதவீதம் தண்ணீர். டப்பாவில் எழுதியிருப்பதற்கு மேல் ஊற்ற வேண்டாம், படலம் மெலிந்து வழியும்.

இரண்டு டப்பா வகையில் நிதானம் வேண்டும். விகிதத்தை டப்பா சொல்லும். 10க்கு 1 என்றிருந்தால் 500 கிராமுக்கு 50 கிராம், டிஜிட்டல் தராசில் நிறுத்துத்தான் ஊற்ற வேண்டும். ட்ரில்லில் மாட்டிய கலக்கி ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹார்டனரை நூல் போல ஊற்றுங்கள். மொத்தமாகக் கொட்டிக் குச்சியால் கிண்டினால் கண்ணுக்குத் தெரியாத திப்பிகளாக நின்றுவிடும். தண்ணீர் கடைசியில்தான். பத்து நிமிஷம் குமிழ் அடங்க விட்டு, பிறகு வடிகட்ட வேண்டும்.

இங்கே ஒரு வம்பு இருக்கிறது. தின்னர் பி.யு. நேரம் கடந்தால் கெட்டியாகித் தானே காட்டிக்கொடுக்கும். தண்ணீர் பி.யு.வில் பல வகைகள் அப்படிக் காட்டாது. நான்கு மணி நேரம் கழித்தும் பால் போலவே இருக்கும், அழகாக அடிக்கவும் வரும், ஆனால் அந்தப் படலத்துக்கு வலு இருக்காது. கலந்த நேரத்தை டேப்பில் எழுதிக் கப்பில் ஒட்டிவைப்பதைத் தவிர வேறு வழியில்லை. மிச்சத்தை மூடி இறுக்கி வைக்காதீர்கள். ஹார்டனரும் தண்ணீரும் சேர்ந்து கரியமில வாயுவைக் கிளப்பும், டப்பா உப்பித் தெறிக்கும்.

எவ்வளவு தேவை

45-க்கு 70 செ.மீ. ஷட்டர்கள் 16 என்று வைத்துக்கொள்வோம். இரண்டு பக்கமும் சேர்த்துச் சுமார் 10 சதுர மீட்டர். ஈரத்தில் 100 மைக்ரான் கனத்துக்கு ஒரு கோட்டுக்குச் சரியாக ஒரு லிட்டர் பரப்பில் நிற்க வேண்டும். மூட்டமாகப் போவதையும் சேர்த்தால் 1.6 லிட்டர். இரண்டு கோட்டுக்கு 3.2, கப்பிலும் வடிகட்டியிலும் தங்குவது போக 4 லிட்டர் வாங்கலாம். பிரைமருக்கும் ஏறக்குறைய அவ்வளவே.

அந்த 100 மைக்ரான் காய்ந்ததும் 35, 40 ஆகத்தான் மிஞ்சும். மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஈரக் கனத்தை அளக்கப் பல் வைத்த சின்னத் தகடு ஒன்று கிடைக்கிறது. ஈரப் பெயின்ட்டில் நிமிர்த்தி அழுத்தி எடுத்தால், எந்தப் பல் வரை நனைந்ததோ அதுதான் கனம். பழகுகிறவருக்கு விலை உயர்ந்த கன்னைவிட இந்தத் தகடு அதிகம் கற்றுக்கொடுக்கும்.

அடிக்கும் கை

முதலில் நியூஸ் பேப்பரில் ஒரு வீச்சு. விசிறி மேலும் கீழும் ஒரே சீராக இருக்கிறதா, நடுவில் திட்டாக விழுகிறதா என்று பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.

ஷட்டரைப் படுக்கவைத்து அடிப்பதே புதியவருக்கு நல்லது, வழியாது. பின்பக்கம் முதலில், அது காய்ந்தபின் முன்பக்கம். ஒவ்வொரு பக்கத்திலும் ஓரங்கள் முதலில், பிறகு பள்ளம், டிசைன், கடைசியில் சமதளம். கன் 15 முதல் 20 செ.மீ. தள்ளி, பரப்புக்குச் செங்குத்தாக. மணிக்கட்டை வளைத்தால் நடுவில் கனமும் ஓரத்தில் வறட்சியும் வரும், முழுக்கை நகர வேண்டும். ட்ரிகரை ஷட்டருக்கு வெளியே அழுத்தித் தொடங்கி, வீச்சு மறுபக்கம் ஷட்டரைத் தாண்டிய பிறகே ட்ரிகரை விட வேண்டும். ஒவ்வொரு வீச்சும் முந்தியதில் பாதியை மூட வேண்டும். அடித்ததும் சாய்வாகப் பார்த்தால் முழுப்பரப்பும் ஈரமாக மினுங்க வேண்டும். மினுங்காத பட்டை இருந்தால் அங்கே வறண்ட துளிகள் விழுந்திருக்கின்றன, தடவினால் சொரசொரக்கும்.

கத்திரி வெயிலில் இந்தச் சொரசொரப்பு சாதாரணம். துளி பரப்பைச் சேரும் முன்னே பாதி காய்ந்துவிடுகிறது. காலை ஏழு, எட்டு மணிக்கு அடித்துவிட வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் நேர் எதிர். காற்றில் ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல் போனால் தண்ணீர் வெளியேற இடமில்லை, பெயின்ட் மணிக்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். ஹீட்டரைவிடக் காற்றோட்டம் இங்கே அதிகம் உதவும். அறைக் காற்றை வெளியே இழுக்கும் எக்ஸாஸ்ட் வையுங்கள், ஷட்டர்மேல் நேராக மின்விசிறியைத் திருப்பாதீர்கள், தூசி வந்து உட்காரும். ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், மூட்டம் அதன் காயிலில் படிந்தால் தனிச் செலவு.

வழிந்துவிட்டால் துணியால் துடைக்க ஆசை வரும். கையை அடக்குங்கள். ஒரு இரவு காயவிட்டு, பிளேடால் சீவி, 320இல் தேய்த்து மறுபடி அடிப்பதே குறைந்த சேதம். பள்ளங்களில் ஒரே முறையில் கனமாகத் தங்கவிட்டால் வறண்ட குளத்து மண் மாதிரி வெடிக்கும். மேல்தோல் முதலில் காய்ந்து, அடியிலுள்ள தண்ணீர் பிறகு சுருங்குவதால் வருவது அது. இரண்டு டப்பா வகையில் கனம் கூடினால், மேலே சொன்ன கரியமில வாயுவே நுண்குமிழ்களாகச் சிக்கிக்கொள்ளும்.

வேலை முடிந்த அடுத்த நிமிஷமே கன்னைக் கழுவ வேண்டும். காய்ந்துவிட்டால் தண்ணீருக்கு மசியாது. கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் கொட்டாமல் வாளியில் விட்டு, வற்றியதும் கட்டியைக் குப்பையில் போடுங்கள்.

மாட்டும் நாள்

30 டிகிரி, மிதமான ஈரப்பதம் என்றால் அரை மணி நேரத்தில் தொடலாம், இரண்டு மூன்று மணி நேரத்தில் அடுத்த கோட். கடைசிக் கோட்டுக்குப் பிறகு இரண்டு டப்பா வகையை இரண்டு நாளிலும் ஒரு டப்பா வகையை ஐந்து நாளிலும் மாட்டலாம். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் கூடாது, பபிள் ராப்பில் சுற்றவும் கூடாது, வட்டங்கள் அப்படியே அச்சாகும். மாட்டிய முதல் இரண்டு வாரம் இரவில் ஷட்டர்களை விரல் அகலம் திறந்தே வையுங்கள். முதல் மாதம் ஈரத்துணி மட்டும், சோப்பு வேண்டாம்.

வலு வந்துவிட்டதா என்று ஷட்டரில் சோதிக்க வேண்டாம். வேலை தொடங்கும்போதே அதே பலகைத் துண்டு ஒன்றுக்கும் சேர்த்து எல்லாக் கோட்டும் அடித்து வைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் கிச்சன் கேபினெட்டுகளுக்கான ஏ161.1 என்ற தரச் சோதனையில் வினிகர், எலுமிச்சைச் சாறு, காபி, ஆலிவ் எண்ணெய் போன்றவற்றைப் பூச்சின்மேல் 24 மணி நேரம் வைத்துப் பார்ப்பார்கள். கடுகுச் சாந்துக்கு மட்டும் ஒரு மணி நேரம். அந்த ஊர் மஞ்சள் கடுகுச் சாந்துக்கு நிறம் கொடுப்பது நம் மஞ்சள்தூள்தான். ஆகவே நம் சோதனை எளிது. மாதம் ஒன்று கழித்து, மஞ்சள்தூளை நல்லெண்ணெயில் குழைத்து அந்தத் துண்டில் ஒரு மணி நேரம் வைத்துத் துடையுங்கள். இறுகிய பி.யு.வில் லேசான நிழல் தங்கலாம், வெயிலில் வைத்தால் மங்கிவிடும். அடர்ந்த கறை உள்ளே இறங்கியிருந்தால் படலம் இன்னும் இறுகவில்லை, இல்லையென்றால் நேரம் கடந்த கலவையை அடித்திருக்கிறீர்கள்.